செல்லுக்கும் பிடிமானம் வேண்டும்!

‘ஃபேட்டி லிவர்’ என்று தெரிந்ததும் பலருக்கு இப்போது ஃபைப்ரோஸ்கேன் எழுதிக் கொடுக்கிறார்கள். வலது விலாவின் மேல் ஒரு கருவியை வைத்து லேசாகத் தட்டுவார்கள். அந்த அதிர்வு கல்லீரலுக்குள் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதை வைத்து, கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று கணக்கிடுவார்கள். ரிப்போர்ட்டில் வருவது ‘கிலோ பாஸ்கல்’ அளவு. நலமான கல்லீரலில் அது பெரும்பாலும் 7-க்குக் கீழேதான் இருக்கும்.

கல்லீரல் கொஞ்சம் இறுகினால்தான் என்ன? இதற்குப் பதில் செல்களிடம் இருக்கிறது.

செல் உயிர்வாழ உணவும் ஆக்ஸிஜனும் மட்டும் போதாது. பற்றிக்கொள்ள ஓர் இடமும் வேண்டும். ரத்த செல்களைப் போன்ற சிலவற்றை விட்டுவிட்டால், நம் உடலின் பெரும்பாலான செல்கள் கொலாஜன் போன்ற புரத இழைகளால் ஆன வலையைப் பிடித்துக்கொண்டுதான் வாழ்கின்றன. பிடித்ததோடு நிற்பதில்லை, இழுத்தும் பார்க்கின்றன. வலை ஈடுகொடுத்தால் ‘பிழைத்திரு’ என்ற சமிக்ஞை உள்ளே போகிறது. பிடி முற்றிலும் நழுவினால் செல் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. 1994-ல் இதற்கு ‘அனாய்கிஸ்’ என்று பெயரிட்டார்கள். ‘வீடற்ற நிலை’ என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். குடலிலிருந்து கழன்ற செல் வேறெங்கோ போய்க் குடியேறாமல் இருக்க, உடல் செய்துவைத்திருக்கும் ஏற்பாடு இது.

பிடிக்க இடம் இருந்தும் அது கொழகொழவென்று இருந்தால்? அமெரிக்க விஞ்ஞானி யு-லி வாங் குழுவினர் எலியின் செல்களை மென்மையான ஜெல்லிலும் கெட்டியான ஜெல்லிலும் வளர்த்துப் பார்த்து, 2000-ல் முடிவை வெளியிட்டார்கள். மென்மையான ஜெல்லில் சாதாரண செல்களின் வளர்ச்சி குறைந்தது, சாவு கூடியது. புற்றுநோய் மரபணு ஏற்றிய செல்களோ அந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. வீடில்லாவிட்டாலும் சாகாத இந்தக் குணம்தான், புற்றுநோய் ஓர் உறுப்பிலிருந்து இன்னோர் உறுப்புக்குப் பரவ வழிவிடுகிறது.

அப்படியானால் கெட்டியாக இருந்தால் நல்லதா? அதுவும் இல்லை. மூளைத் திசு இளநீர் வழுக்கை போல, தசை சுமார் 12 கிலோ பாஸ்கல், எலும்பு கல். ஆய்வகத்தில் செல் வளர்க்கும் பிளாஸ்டிக் தட்டோ தசையைவிட ஏறக்குறைய லட்சம் மடங்கு கெட்டி. தசையின் ஸ்டெம் செல்களை அதில் வளர்த்தால் அவற்றின் புதுப்பிக்கும் திறன் சீக்கிரமே போய்விடும். 2010-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஹெலன் பிளாவ் குழுவினர், தசையின் அதே 12 கிலோ பாஸ்கலில் ஜெல் செய்து அவற்றை வளர்த்தார்கள். கூடுதலான செல்கள் பிழைத்தன. எலியின் தசைக்குள் செலுத்தியபோது திறன் குறையாமல் வேலை செய்தன. ஒவ்வொரு செல்லுக்கும் அதற்கேற்ற பதம் உண்டு.

கல்லீரலுக்கும் அப்படித்தான். மதுவும் கொழுப்பும் வைரஸும் அதைப் புண்ணாக்கும்போது, ‘ஸ்டெலேட்’ என்ற செல்கள் வடு இழைகளைப் பின்னுகின்றன. வடு சேரச் சேரக் கல்லீரல் இறுகுகிறது. அந்த இறுக்கத்தை உணர்ந்த ஸ்டெலேட் செல்கள் இன்னும் வேகமாகப் பின்னுகின்றன. நல்ல செல்களுக்கோ வாழும் இடம் கெட்டுப்போகிறது.

இந்தச் சுழலை உடைக்க முடியும். மதுவை விட்டால், எடையைக் குறைத்தால், வைரஸுக்குச் சிகிச்சை எடுத்தால், வடு பின்னிய செல்களில் ஒரு பகுதி தாமாகவே மடிகின்றன. இன்னொரு பகுதி அமைதியாகிவிடுகின்றன. ஆரம்பக் கட்டத்தில் கவனித்தால் கல்லீரல் மறுபடி இளகும்.

ஒரு விஷயம்: சாப்பிட்டவுடன் ஸ்கேன் எடுத்தால் அளவு கூடுதலாகக் காட்டும். 3 மணி நேரமாவது வெறும் வயிற்றோடு போக வேண்டும். எண் அதிகமாக வந்தால் பயந்து ரிப்போர்ட்டை பீரோவில் பூட்டிவைக்காமல், மருத்துவரிடம் காட்டுவதுதான் முக்கியம்.