தேய்ந்த டயரும் தேயாத ஆசையும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

காலை ஒன்பதரை மணிக்கு நம் கல்லூரி வாயிலில் சற்று நின்று பாருங்கள். சேரன்மகாதேவியிலிருந்தும் முக்கூடலிலிருந்தும் திருவைகுண்டத்திலிருந்தும் வந்து சேரும் வண்டிகளுக்கு நடுவே பழைய யமகா ஆர்.எக்ஸ்.100 ஒன்றிரண்டு வரும். வண்டி கண்ணில் படுமுன்பே அதன் ஓசை காதில் விழும். பேசிக்கொண்டிருப்பவர்கள் பேச்சை நிறுத்தித் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்கு ஏங்காத இளைஞர் நம்மில் எத்தனை பேர்?

1985-ல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்து, 1996-ல் உற்பத்தி நின்றுபோன வண்டி அது. 98 சி.சி. டூ ஸ்ட்ரோக் எஞ்சின். பதினொரு குதிரைத் திறன். முன்னும் பின்னும் டிரம் பிரேக். இன்று சாலையில் ஓடும் ஒவ்வோர் ஆர்.எக்ஸ்.100-ம் நம்மைவிட வயதில் மூத்தது. மூத்தவரை எப்படிப் பேண வேண்டுமோ அப்படி அதைப் பேணுகிறோமா? இல்லை என்பதே என் கருத்து. பிறரைக் குறை சொல்லுமுன் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை முதன்முதலில் மிதித்தவன் நான். அப்பாவுக்கு வாழைத்தார் சுமக்கும் வேலை. பேருந்துக்குக் காத்து நின்று முதல் வகுப்பைத் தவறவிடுகிறேன் என்று அறிந்த என் தாய்மாமன், தமது பழைய ஆர்.எக்ஸ்.100-ஐ எனக்குக் கொடுத்தார். கோடை விடுமுறையில் வேலை பார்த்துச் சேர்த்த பணம் கையில் இருந்தது. அதில் என்ன செய்தேன் தெரியுமா? டேங்குக்குப் புதுப் பெயிண்ட், பளபளக்கும் சைலன்சர், புது சீட் உறை! பின் டயர் மொட்டையாகிக் கிடந்தது. 'அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டுவிட்டேன். டயரை யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்?

கார் பருவ அறுவடை நேரம். தங்கையைத் தேர்வுக்கு அழைத்துச் சென்றேன். வயலிலிருந்து ஏறிய டிராக்டர் சாலையெங்கும் சேற்றை விட்டுச் சென்றிருந்தது. அதன்மேல் தூறல் வேறு. குறுக்கே ஓர் ஆடு வந்தது. பிரேக்கை மிதித்தேன். பின் சக்கரம் என் பேச்சைக் கேட்கவில்லை. எனக்கு முழங்காலில் சிராய்ப்பு. தங்கைக்கு வலக்கை மணிக்கட்டில் எலும்பு முறிவு. அவள் அன்று தேர்வு எழுதவில்லை.

வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒர்க்ஷாப் போனேன். மெக்கானிக் அண்ணாச்சி சுற்றிவந்து பார்த்தார். "ஏலே, சீவிச் சிங்காரிச்ச துட்டுல ரெண்டு டயரு வாங்கிருக்கலாம்லா?" என்றார். தலைகுனிந்து நின்றேன். "முன் டயர்ல பட்டன் நல்லாத்தானே இருக்கு அண்ணாச்சி?" என்று மெல்லக் கேட்டேன். அவர் டயரின் பக்கவாட்டில் இருந்த நான்கு எண்களைத் தொட்டுக் காட்டினார்: 2712. அதாவது 2012-ஆம் ஆண்டின் 27-ஆம் வாரத்தில் செய்த டயர். கோடுகள் இருந்தனவே தவிர, ரப்பர் இறுகிக் கட்டையாகிப் பக்கமெல்லாம் மயிரிழை வெடிப்பு! டயர் ஓடித் தேய்வது ஒரு வகை. ஓடாமலே கிழடாவது மற்றொரு வகை என்பதை அன்றுதான் அறிந்தேன்.

இயற்பியல் மாணவனாகிய எனக்கு அப்போது ஓர் ஐயம். உராய்வு விசை பரப்பளவைப் பொறுத்ததன்று என்றுதானே படித்தோம்? பந்தய வண்டிகள்கூடக் காய்ந்த தளத்தில் கோடே இல்லாத டயரோடு ஓடுகின்றனவே? பின் எதற்குக் கோடுகள்? நீரை வெளியேற்றத்தான். மழைச் சாலையில் ரப்பருக்கும் தாருக்கும் நடுவே நிற்கும் நீர் அந்தக் கால்வாய்கள் வழியே வெளியேறினால்தான் ரப்பர் தரையைத் தொடும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடிக்கும்போது உராய்வுக் குணகம் 0.7 என்றால், கணக்குப்படி வண்டி 20 மீட்டரில் நிற்கும். அது 0.3 ஆகக் குறைந்தால் 47 மீட்டர் ஆகும். இடைப்பட்ட 27 மீட்டரில் ஓர் ஆடு நிற்கலாம். ஒரு குழந்தையும் நிற்கலாம்.

இரு சக்கர வண்டியின் டயரில் கோட்டின் ஆழம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்பது மத்திய மோட்டார் வாகன விதிகள் (1989) சொல்வது. அதுவே கடைசி எல்லை. அதுவரை காத்திருக்க வேண்டும் என்பதில்லை.

டயர் வாங்கும்போது ஆசை மறுபடி தலைநீட்டும். 'பின்னால் அகலமான டயர் போட்டால் கம்பீரமாக இருக்குமே' என்று தோன்றும். குறுகிய ரிம்மில் அகலமான டயரைத் திணித்தால் அதன் வடிவமே கெடும். வளைவில் சாயும்போது வண்டி முரண்டு பிடிக்கும். வண்டிக்கென்று வகுத்த அளவே போதும். ஸ்போக் கம்பி வைத்த ரிம்முக்கு டியூப் உள்ள டயரே ஏற்றது. டயர் மாற்றும்போது டியூபையும் மாற்றிவிடுவது நல்லது. பக்கவாட்டில் உள்ள அம்புக்குறி சக்கரம் உருளும் திசையைக் காட்ட வேண்டும். தேய்ந்த டயரில் கத்தியால் கோடு வெட்டிப் புதிதுபோல் விற்றால், பாதி விலை என்றாலும் வேண்டாம்.

டயர் மட்டும் போதுமா? வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். 'டக் டக்' என்று ஆடினால் பேரிங் போயிருக்கலாம். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டில்பாரைத் திருப்புங்கள். நடுவில் சிக்கி நின்றால் கோன் செட் தேய்ந்திருக்கும். பின் பல்சக்கரத்திலிருந்து செயினைப் பின்னோக்கி இழுங்கள். பற்கள் பாதி தெரிந்தால் செயினையும் இரு பல்சக்கரங்களையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய பல்லில் புதுச் செயின் விரைவில் கெடும். பிரேக் ஷூவைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். 2023 டிசம்பர் பெருவெள்ளத்தில் மூழ்கிய வண்டியாக இருந்தால் பேரிங்குகளை ஐயத்தோடுதான் பார்க்க வேண்டும்.

'இவ்வளவு தொல்லை எதற்கு? பழையதைத் தள்ளிவிட்டுப் புதிது வாங்கலாமே' என்பார்கள் சிலர். தவணை கட்ட முடிந்தவர்கள் வாங்கட்டும். எங்களைப் போன்றவர்களுக்கு அந்தப் பழைய வண்டிதான் வகுப்பறைக்கு வழி. பழைய வண்டி ஓட்டுவதில் இழிவில்லை. வறுமையும் குற்றமன்று. பெயிண்டுக்குப் பணம் இருந்தும் டயருக்கு இல்லை என்றேனே, அதுதான் என் குற்றம். முதலில் டயர், பிரேக். அடுத்து பேரிங், செயின். மிச்சம் இருந்தால் பெயிண்ட். இந்த வரிசை மாறலாகாது.

தங்கையின் கை கூடிவிட்டது. ஆனாலும் தூறல் விழுந்தால் அவள் பேருந்தில்தான் போவேன் என்கிறாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் ஆய்வகத்து வெர்னியர் அளவியின் வாலில் ஆழம் அளக்கும் கம்பி ஒன்று உண்டு. பத்தில் ஒரு மில்லிமீட்டரையும் அது காட்டும். ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு நாள், நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களோடு அதை வண்டி நிறுத்துமிடத்துக்குக் கொண்டு வருவோம். ஒவ்வொரு டயரையும் அளந்து, வண்டிக்கு உரியவரிடம் ஆழத்தைச் சீட்டில் எழுதிக் கொடுப்போம். செலவு ஒன்றுமில்லை. முதல் வண்டியாக என்னுடையதை அளக்கலாம்.