மாப்பிள்ளை எந்த வீட்டுக்குப் போகிறார்?

2025 ஜூலையில் இமாசலப் பிரதேசத்தின் சிர்மௌர் மாவட்டத்தில் ஒரு கல்யாணம் நடந்தது. ஹட்டி சமூகத்தைச் சேர்ந்த அண்ணன், தம்பி இருவரும் ஒரே பெண்ணை ஊரறிய மணந்தார்கள். மூன்று நாள் ஆட்டம், பாட்டு, விருந்து. இது தன் சொந்த முடிவு என்று மணப்பெண் பத்திரிகைக்காரர்களிடம் தெளிவாகவே சொன்னார். பெரியவர்கள் அதிர்ச்சி, கேலி, கலாசாரக் கவலை என்று வழக்கமான காரியங்களைச் செய்து முடித்தார்கள். ஆனால் அந்த வீடியோ வந்த செல்போன்கள் பெரும்பாலும் இருப்பது குழந்தைகளின் கையில். "இப்படிக்கூடக் கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்ற கேள்வி அந்த வாரம் எத்தனையோ வீடுகளில் எழுந்திருக்கும். கிடைத்த பதில் அநேகமாக, "போய்ப் படிக்கிற வேலையைப் பார்."

படிக்கப் போகிற இடத்தில் என்ன இருக்கிறது? நம் பள்ளிகளுக்குத் தெரிந்த கல்யாணம் துணிமணி சம்பந்தப்பட்டது. சார்ட் பேப்பரில் பஞ்சாபி மணமகன் தலைப்பாகையோடு நிற்பார். வங்காள மணமகன் தலையில் வெள்ளை நெட்டிக் கிரீடம். மலையாளப் பெண்ணுக்குக் கசவுப் புடவை. கீழே 'வேற்றுமையில் ஒற்றுமை' என்று வண்ணப் பேனாவில் எழுதியிருக்கும். ஆண்டு விழாவில் இதே ஜோடிகள் மாறுவேடப் போட்டிக்கு வருவார்கள். இந்தியர்கள் உடையில் மட்டும்தான் வேறுபடுகிறார்கள் என்று குழந்தை முடிவுகட்டினால் அதன் மேல் தப்பில்லை. யார் வீட்டை விட்டு யார் போகிறார்கள், பணம் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது, யாரை யார் கட்டவே கூடாது என்ற விஷயங்கள் சார்ட்டில் ஏறுவதில்லை. ஒரு கல்யாணம் இன்னொன்றிலிருந்து நிஜமாக வேறுபடுவது அங்கேதான்.

சிர்மௌர் வழக்கத்தைப் பத்து நிமிடத்தில் ஒரு எட்டாம் வகுப்புக் குழந்தைக்குச் சொல்லிவிடலாம். மலைச்சரிவில் சாகுபடிக்கு ஏற்ற நிலம் கொஞ்சம்தான். நான்கு பிள்ளைகள் நான்கு குடும்பமாகப் பிரிந்தால் இரண்டு தலைமுறையில் ஆளுக்குக் கோவணத் துண்டுதான் மிஞ்சும். சகோதரர்கள் ஒரே குடும்பமாக இருந்தால் நிலம் உடையாது. ஒருவர் ஆடு மேய்க்க மலையேறினால் இன்னொருவர் வயலைப் பார்த்துக்கொள்வார். இமாசலத்தின் முதல் முதல்வர் ஒய். எஸ். பர்மார் அதே சிர்மௌரில் பிறந்தவர். அவர் லக்னோ பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருளே இந்த வழக்கம்தான். வகுத்தல் கணக்கு தெரிந்த குழந்தைக்கு இது புரியும். முகம் சுளிக்கவோ சிலிர்க்கவோ இதில் எதுவும் இல்லை. அடுத்த கேள்வியையும் ஆசிரியர் கேட்க விடவேண்டும்: அந்தக் காலத்தில் பெண்ணை யாராவது சம்மதம் கேட்டார்களா?

இன்னொரு மலைக்குப் போவோம். மேகாலயாவில் காசி சமூகத்தின் குழந்தைகள் தாயின் குலப்பெயரைத்தான் தாங்குகிறார்கள். மூதாதையர் வீடும் சொத்தும் கடைசி மகளுக்கு. அவளை மணக்கும் மாப்பிள்ளை மாமியார் வீட்டுக்குக் குடிபோகிறார். 'வீட்டோடு மாப்பிள்ளை' என்பது நம் சினிமாவில் நகைச்சுவைப் பாத்திரம்; ஷில்லாங்கில் அவர் சாதாரண மனிதர். பெண் என்றால் பிறந்த வீட்டை விட்டுப் போகிறவள் என்பதைச் சூரியன் கிழக்கே உதிப்பது மாதிரி நம்புகிற குழந்தைக்கு இந்த ஒரு தகவல் போதும், யோசிக்க ஆரம்பித்துவிடும். மேகாலயாவைப் பெண்களின் சொர்க்கமாகச் சித்திரித்தும் ஏமாற்ற வேண்டாம். கடைசி மகளுக்குச் சொத்தோடு பெற்றோரைக் காக்கும் பாரமும் சேர்ந்தே வருகிறது. குடும்ப விஷயங்களில் தாய்மாமன் சொல்லுக்கு மதிப்பு அதிகம். ஊர்ச் சபையான தர்பாரில் வழக்கப்படி பெண்ணுக்கு இடம் இருந்ததில்லை.

யார் யாரைக் கட்டலாம் என்பது இவற்றையெல்லாம்விடச் சிக்கல். தில்லியில் ஒரு ஐந்தாம் வகுப்பை எண்ணிப் பாருங்கள். குடும்ப மரம் வரையச் சொல்கிறார் டீச்சர். மேலே நான்கு கட்டம் - இரண்டு தாத்தா, இரண்டு பாட்டி. அம்மாவைக் கட்டியவர் அம்மாவின் தாய்மாமன் என்றால், அந்தத் தமிழ் அல்லது கன்னடக் குழந்தைக்கு அம்மாவைப் பெற்ற பாட்டியே அப்பாவின் அக்கா. பாட்டியும் அவர்தான், அத்தையும் அவர்தான்! கட்டத்தில் அவரை எங்கே எழுதுவது? பக்கத்து பெஞ்சு ஹரியானாக் குழந்தைக்கு இது அருவருப்பு. அதன் ஊரில் ஒரே கோத்திரத்துப் பெண் தங்கை. சொந்தக் கிராமத்துப் பெண்கள் எல்லோருமே தங்கைகள்தான். இது வெறும் பேச்சில்லை. 2007ல் கைத்தல் மாவட்டத்தில் ஒரே கோத்திரத்தில் மணம் செய்துகொண்ட இளம் தம்பதி கொல்லப்பட்டார்கள். கொன்றவர்களில் பெண்ணின் உறவினர்களே இருந்தார்கள். 2010ல் கர்னால் நீதிமன்றம் அவர்களைத் தண்டித்தது. தெற்கே மாமன் மகள் 'முறைப்பெண்'. அவளைக் கட்ட மறுத்தால்தான் சண்டை.

மதம்தான் இதை நிர்ணயிக்கிறது என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. முஸ்லிம் சட்டம் சித்தப்பா மகளை மணக்க அனுமதிக்கிறது. தமிழ் இந்துவுக்கு அவள் உடன்பிறந்தவள் மாதிரி. ஆனால் ஹரியானா, ராஜஸ்தான் எல்லையில் வாழும் மேவ் முஸ்லிம்கள் வழிவழியாகக் கோத்திரம் பார்த்து, நெருங்கிய உறவில் மணப்பதைத் தவிர்த்து வந்தவர்கள். இந்தத் தகராறு புதிதும் அல்ல. மாமன் மகளையும் அத்தை மகளையும் மணப்பதைத் தெற்கத்தியர் வழக்கமாகவும், மது அருந்துதல், ஆயுத வியாபாரம், கடற்பயணம் முதலியவற்றை வடக்கத்தியர் வழக்கமாகவும் பௌதாயன தர்ம சூத்திரம் பட்டியலிடுகிறது. அவரவர் தேசத்தில் அவரவர் வழக்கம் செல்லும், இடம் மாறிச் செய்தால் குற்றம் என்கிறது. கௌதமர் இதற்கு உடன்படவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறது. 1955ம் வருட இந்துத் திருமணச் சட்டமும் கிட்டத்தட்ட இதையே செய்தது: விலக்கப்பட்ட உறவுக்குள் மணக்கக் கூடாது, வழக்கம் அனுமதித்தால் ஒழிய. இவ்வளவையும் டீச்சர் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பேர் வீட்டுப் பழக்கமும் சட்டத்துக்குத் தெரிந்ததே என்று சொன்னால், ஒரு குழந்தை கூனிக் குறுகாமல் உட்காரும். ரத்த உறவில் மணப்பதால் பிறக்கிற பிள்ளைக்குச் சில பரம்பரை நோய்கள் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதை உயிரியல் வகுப்பில் தனியாகச் சொல்லலாம். அது எச்சரிக்கை, அவமானம் இல்லை.

எல்லா வழக்கமும் அவரவருக்குச் சரி என்று கைகழுவிவிடலாமா? கூடாது. அப்படிக் கைகழுவினால் என்ன ஆகும் என்பதற்கு நம் பாடப் புத்தகங்களே சாட்சி. மகாராஷ்டிரத்தின் பன்னிரண்டாம் வகுப்புச் சமூகவியல் புத்தகம், பெண் அழகில்லாதவளாகவோ உடல் ஊனமுற்றவளாகவோ இருந்தால் மாப்பிள்ளை வீட்டார் அதிக வரதட்சிணை கேட்கிறார்கள் என்று காரணம் கற்பித்தது 2017ல் வெளிச்சத்துக்கு வந்தது. 2022ல் நர்சிங் மாணவிகளுக்கான ஒரு புத்தகம் இன்னும் ஒரு படி மேலே போய், வரதட்சிணையின் நன்மைகளை வரிசைப்படுத்தியிருந்தது. 1961லேயே சட்டம் தடைசெய்துவிட்ட ஒன்றுக்கு! தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் வரதட்சிணைச் சாவுகள் இன்றும் ஆண்டுக்கு ஆறாயிரத்துக்கு மேல். எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தில் எழுதியிருக்க மாட்டார்கள். வழக்கம் என்று ஒன்று இருந்தால் அதற்குக் காரணமும் நன்மையும் இருந்தாக வேண்டும் என்று எண்ணிவிட்டார்கள்.

ஒரு வழக்கத்தை இன்னொன்றின் பக்கத்தில் வைத்துக் காட்டினாலே இந்தக் கோளாறு வராது. மிஸோக்களிடையே பெண் வீட்டுக்குத்தான் மாப்பிள்ளை வீட்டார் பரியம் தருகிறார்கள். மத்திய இந்தியாவின் கோண்டுகளில், பரியம் தர வசதியில்லாத இளைஞன் பெண் வீட்டில் சில வருடங்கள் உழைத்து அதை ஈடுகட்டுவது உண்டு. 'லம்சேனா' என்று அதற்குப் பெயர். முஸ்லிம் நிக்காஹில் மணமகன் மணமகளுக்கே மஹர் தர வேண்டும். அது அவளுடைய சொத்து. பெண் வீட்டார் கொடுத்தே தீர வேண்டும் என்பது இயற்கை நியதி அல்ல என்று இவ்வளவைக் கேட்ட பிறகு குழந்தைக்குத் தனியாக உபதேசிக்கத் தேவையில்லை. பரியமும் பெண்ணுக்கு விலை வைப்பதாக ஆகிவிடாதா என்று அதுவே கேட்கும். கேட்கட்டும்.

சடங்குகளும் கல்வெட்டு இல்லை. வங்காளத்தில் புகுந்த வீடு புறப்படும் பெண் ஒரு கைப்பிடி அரிசியைப் பின்னால் வீசி, பெற்றவள் கடனைத் தீர்த்துவிட்டதாகச் சொல்ல வேண்டும். கல்கத்தாவில் நந்தினி பௌமிக் என்ற சமஸ்கிருதப் பேராசிரியை கன்னிகாதானம் இல்லாமலே கல்யாணம் செய்து வைக்கிறார். 1967ல் சென்னை சட்டமன்றம் புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்தது.

சார்ட் பேப்பருக்குப் பதிலாக ஒரு வீட்டுப்பாடம் கொடுத்துப் பார்க்கலாம். ஒவ்வொரு குழந்தையும் தன் பாட்டியிடம் இரண்டே கேள்வி கேட்டு வரட்டும்: கல்யாணத்தின்போது உங்களுக்கு எத்தனை வயது? உங்களிடம் யாராவது சம்மதம் கேட்டார்களா? பெண்ணின் குறைந்தபட்ச வயது 1929ல் பதினான்கு, 1949ல் பதினைந்து, 1978ல் பதினெட்டு என்று கரும்பலகையில் எழுதி, பாட்டிகளின் வயதைப் பக்கத்தில் போட்டுக்கொண்டே வரலாம். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 2005-06ல் இருபதிலிருந்து இருபத்து நான்கு வயதுக்குட்பட்ட பெண்களில் 47 சதவீதம் பேருக்குப் பதினெட்டுக்கு முன்பே கல்யாணமாகியிருந்தது. 2019-21ல் அது 23 சதவீதம். சில ஊர்களில் குழந்தைகள் பாட்டியோடு நிறுத்தாமல் அக்காவின் வயதையும் எழுதிக்கொண்டு வருவார்கள். அந்தத் தாளை வாங்கியதும் என்ன செய்யப் போகிறோம் என்று ஆசிரியர் முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்வது நல்லது.