வீட்டுக் கணினிக்கு இன்னொரு ஆன்டிவைரஸ் வேண்டாம்

2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய ‘வான்னாக்ரை’ வைரஸ், சில நாட்களுக்குள் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான கணினிகளைப் பூட்டிவிட்டு, கோப்புகளைத் திருப்பித் தர 300 டாலரை பிட்காயினாகக் கேட்டது. ரெனோ, நிசான் நிறுவனங்களின் ஐரோப்பிய ஆலைகளில் உற்பத்தி நின்றது. ஒரகடத்தில் அன்று இருந்த அவற்றின் கூட்டு ஆலையும் தப்பவில்லை என்று அந்த வாரம் செய்திகள் வந்தன. அந்த வைரஸ் நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. யாரும் எந்த இணைப்பையும் திறக்க வேண்டியிருக்கவில்லை. அப்டேட் போடாத ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்கு அது தானாகவே தாவியது. பாதிக்கப்பட்டவற்றில் ஆகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள் என்று காஸ்பர்ஸ்கி நிறுவனம் கணக்கிட்டுச் சொன்னது. கைவிடப்பட்ட எக்ஸ்பி அல்ல, அன்றைக்கு அப்டேட் முறையாக வந்துகொண்டிருந்த விண்டோஸ் 7. கிட்டத்தட்ட இரண்டு மாதம் மருந்து கையில் இருந்தும் போட்டுக்கொள்ளாத கணினிகளே விழுந்தன.

இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம் நம் வீடுகளில் முதலில் நடப்பது இலவச ஆன்டிவைரஸ் தேடல். ஒன்றை இறக்கிப் பார்ப்பது, கணினி மெதுவானால் அதை நீக்கிவிட்டு இன்னொன்று, பிறகு இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்ப்பது. ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், படப்பை பக்கத்தில் வீட்டுக் கணினி என்பது பிள்ளைகளின் படிப்புக்கு மட்டுமானதல்ல. ஆலைகளுக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்ததாரர் பி.எஃப்., இ.எஸ்.ஐ. சலான் போடுவதும், வேன் ஓட்டுபவர் பில் தயாரிப்பதும், ஜாப் ஒர்க் எடுக்கும் சிறு லேத் பட்டறைக்காரர் ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்வதும் அதில்தான். எனவே பயம் நியாயமானது. ஆனால், அந்தப் பயத்தைப் போக்க இன்னொரு இலவச ஆன்டிவைரஸைச் சோதித்துப் பார்ப்பதில் பெரும்பாலானோருக்குப் பயன் இல்லை, சில வேளைகளில் கெடுதலும் உண்டு என்பது என் உறுதியான கருத்து. விண்டோஸ் 8 முதலே ‘டிஃபெண்டர்’ என்ற முழுமையான ஆன்டிவைரஸ் விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது. ஏவி-டெஸ்ட் போன்ற சோதனைக்கூடங்களில் சில ஆண்டுகளாக அது முன்னணித் தயாரிப்புகளுக்கு நிகரான மதிப்பெண் வாங்குகிறது. வெளியிலிருந்து வேறொன்றைப் போட்டால் அது ஒதுங்கிக்கொள்ளும். அந்தப் புதியது காலாவதியாகி, அப்டேட் கேட்டுக் கெஞ்சிக்கொண்டு மூலையில் கிடந்தால், இருந்த காவலும் பலவீனப்பட்டதுதான் மிச்சம்.

இலவசம் என்றால் செலவில்லை என்று பொருளில்லை. அவாஸ்ட்டின் கதை இதைத் தெளிவாகக் காட்டுகிறது. உலகில் அதிகம் பேர் பயன்படுத்திய இலவச ஆன்டிவைரஸ்களில் ஒன்று அது. 2016இல் தன் போட்டியாளரான ஏவிஜியையும் வாங்கிக்கொண்டது. தன்னைப் பயன்படுத்தியவர்கள் எந்தெந்த இணையதளங்களுக்குப் போனார்கள் என்ற விவரத்தை ஜம்ப்ஷாட் என்ற தன் துணை நிறுவனம் வழியாக விற்றுவந்தது 2020 ஜனவரியில் அம்பலமானது. ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. 2024இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் அவாஸ்ட்டுக்கு 1.65 கோடி டாலர் அபராதம் விதித்தது. யாரும் நம்மைப் பின்தொடராமல் காப்போம் என்று சொல்லிக் கொடுத்த மென்பொருள்தான் பின்தொடர்ந்தது. ஆன்டிவைரஸ் எல்லாக் கோப்புகளையும் திறந்து பார்க்கும் அதிகாரம் கொண்டது. வேறெந்த மென்பொருளுக்கும் அவ்வளவு உரிமையை நாம் கொடுப்பதில்லை. அப்படிப்பட்ட ஒன்றை, ரீசார்ஜ் ஆஃபர் மாற்றுவதைப் போல மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பது சரியல்ல.

வீட்டுக் கணினிக்கு உண்மையான ஆபத்து பெரும்பாலும் வேறு வழியில் வருகிறது. கணினியை ‘ஃபார்மேட்’ செய்யக் கொடுத்தால் குறைந்த காசில் விண்டோஸ், ஆபீஸ், போட்டோஷாப் எல்லாம் ‘கிராக்’ செய்து ஏற்றித் தரும் கடைகள் எங்கும் உள்ளன. அந்தக் கிராக் வேலை செய்ய முதலில் ஆன்டிவைரஸை நிறுத்த வேண்டும். அப்டேட் வந்தால் கிராக் போய்விடும் என்று அதையும் நிறுத்திவிடுவார்கள். கடவுச்சொற்களைத் திருடும் வைரஸ்கள் பல இந்தக் கிராக் கோப்புகளுக்குள்தான் ஒளிந்து வருகின்றன. கதவைத் திறந்துவிட்டவர் நாமே என்னும்போது, அதன் மேல் எத்தனை இலவச ஆன்டிவைரஸ் அடுக்கினாலும் என்ன பயன்?

பழைய கணினி வைத்திருப்பவர் என்ன செய்வார் என்ற கேள்வி வரும். இது கனமான ஆட்சேபம். 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் லட்சக்கணக்கான வீடுகளுக்கு முதல் கணினி வந்தது. அவற்றில் பல இன்றும் ஓடுகின்றன. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 அன்றும் மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திவிட்டது. பல பழைய கணினிகளில் விண்டோஸ் 11 ஏறவும் ஏறாது. இந்த நிலையில் ஆன்டிவைரஸாவது போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆனால் கவனியுங்கள்: விண்டோஸ் 10இல் டிஃபெண்டருக்கான வைரஸ் பட்டியல் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட்டே அறிவித்திருக்கிறது. ஆன்டிவைரஸுக்குப் பஞ்சமே இல்லை. விண்டோஸின் ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லாமல் போவதுதான் சிக்கல். வான்னாக்ரை காட்டியதும் அதையே. அப்படிப்பட்ட கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றுவது நல்ல வழி. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் நம் மாணவர்களுக்குப் புதிதல்ல. விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு அதுவும் வந்தது. டேலி போன்ற விண்டோஸ் மென்பொருளையே நம்பித் தொழில் செய்பவருக்கு இது ஒத்துவராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர் கணினியையே மாற்றுவதற்குப் பணம் ஒதுக்கத்தான் வேண்டும்.

ஏற்கெனவே வைரஸ் புகுந்துவிட்டதோ என்ற சந்தேகத்துக்கும் வழி உண்டு. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரம், வைரஸை நீக்கும் கருவிகளை இலவசமாகத் தருகிறது. ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு நீக்கிவிடலாம். பத்துப் பதினைந்து கணினிகள் உள்ள சிறு தொழிற்கூடம் என்றால் கணக்கு வேறு. எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து கண்காணிக்க, 1991இல் சென்னையில் தொடங்கிய கே7 போன்ற நிறுவனங்களின் கட்டண மென்பொருளுக்குச் செலவிடுவது நியாயமே.

இதில் பெரிய ஆலைகளுக்கும் பொறுப்பு உண்டு. 2022 மார்ச் 1 அன்று ஜப்பானில் டொயோட்டா தன் 14 ஆலைகளையும் ஒரு நாள் முழுக்க நிறுத்தியது. அதன் கணினிகளில் கோளாறு இல்லை. பிளாஸ்டிக் பாகங்கள் செய்து தரும் கோஜிமா என்ற சப்ளையர் மீது நடந்த தாக்குதலே காரணம். இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம், வல்லம் வடகால் வரை உள்ள வாகன ஆலைகளும் அதே போன்ற சப்ளையர் சங்கிலியில்தான் நிற்கின்றன. அதன் கடைசிக் கண்ணியில் இருப்பவரின் அலுவலகம் பல நேரம் வீட்டுக் கணினிதான். வெண்டரிடம் தரச் சான்றிதழ் கேட்கும் ஆலைகள், அவர் கணினியில் கடைசியாக எப்போது அப்டேட் போடப்பட்டது என்றும் கேட்கலாம். உரிமம் பெற்ற விண்டோஸ் வாங்கச் சிறிய வெண்டர்களுக்கு உதவவும் செய்யலாம். ஒரு நாள் உற்பத்தி இழப்போடு ஒப்பிட்டால் அது பெரிய தொகையே அல்ல.

அப்டேட் போட்டால் டேட்டா தீர்ந்துவிடும் என்பது கடைசி ஆட்சேபம். செல்போன் ஹாட்ஸ்பாட்டை நம்பியிருக்கும் வீடுகளுக்கு இது உண்மையான சுமை. அதனாலேயே பலர் விண்டோஸில் ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’ என்பதை இயக்கி அப்டேட்டைத் தடுத்து வைக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் மாதந்தோறும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை, நம் நேரப்படி அன்றிரவு, பாதுகாப்பு அப்டேட்டை வெளியிடுகிறது. அதை அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை அந்தத் தடையை எடுத்துவிட்டு, கணினியை இரண்டு மணி நேரம் அதன் போக்கில் விட்டு, அது கேட்கும்போது ரீஸ்டார்ட் செய்தால் போதும். அந்த இடைவெளியில் முக்கியமான கோப்புகளை ஒரு பென் டிரைவில் நகலெடுத்து, வேலை முடிந்ததும் அதைக் கணினியிலிருந்து கழற்றி வைத்துவிடலாம்.