கையெழுத்துக்கு முன் தெரிய வேண்டிய ஆங்கிலம்

மும்பைக்கு வந்து சேரும் தமிழ்த் தொழிலாளி ஆறு மாதத்தில் இந்தி பேசப் பழகிவிடுகிறார். யாரும் பள்ளிக்கூடம் வைத்துச் சொல்லித் தருவதில்லை. மின்சார ரயிலும் காய்கறிக் கடையும் மேஸ்திரியின் அதட்டலும் கற்றுக்கொடுத்துவிடுகின்றன. தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் வளர்ந்த பிள்ளைகளுக்கு மராத்தியும் கைவந்திருக்கிறது. ஆனால் பேச்சு வேறு, காகிதம் வேறு. வாய்க்கு இந்தி வந்த பிறகும் கைக்கு வரும் காகிதம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது.

வங்கிப் படிவத்தை எடுத்துக்கொள்ளலாம். அதில் மராத்தி, இந்தி, ஆங்கிலம் என்று மூன்று மொழிகள் அச்சாகியிருக்கும். முதல் இரண்டுக்கும் எழுத்து ஒன்றே: தேவநாகரி. தமிழ்நாட்டில் 1968 முதல் இருமொழிக் கொள்கை நடப்பில் உள்ளதால், அங்கே அரசுப் பள்ளியில் படித்தவருக்கு அந்த எழுத்து பழக்கமில்லை. அவரால் எழுத்துக் கூட்டிப் படிக்க முடிவது ஆங்கிலம் ஒன்றுதான். ஆக, பேசத் தெரிந்த மொழியைப் படிக்க முடியவில்லை. படிக்க முடிந்த மொழிக்குப் பொருள் தெரியவில்லை. இந்த இடைவெளியில்தான் பலருடைய கூலியும் சேமிப்பும் கரைந்து போகின்றன.

இதற்கு மருந்தென்று கடைகளில் விற்கும் ‘முப்பதே நாளில் ஆங்கிலம்’ வகைப் புத்தகங்கள் என்ன கற்றுக்கொடுக்கின்றன? விமானத்தில் ஏறுவதற்கு, பெரிய ஓட்டலில் அறை எடுப்பதற்கு, விருந்தாளியிடம் வானிலை பற்றிப் பேசுவதற்கு! பட்டறைத் தொழிலாளிக்கு இவை எந்த நாளில் பயன்படும்? அவருக்கு வேண்டியது சம்பளச் சீட்டின் ஆங்கிலம், மருந்துச் சீட்டின் ஆங்கிலம், ரயில் டிக்கெட்டின் ஆங்கிலம். எண்ணிப் பார்த்தால் இருநூறு முந்நூறு சொற்களுக்கு மேல் போகாது.

அவற்றில் பல சொற்கள் தமிழர் வாயில் ஏற்கனவே புழங்குபவைதாம். ஆனால் வேறு பொருளில் புழங்குகின்றன. ஊரில் ‘நோட்டீஸ்’ என்றால் திருவிழாவுக்கு அச்சடித்துக் கொடுக்கும் தாள். கம்பெனியில் ‘ஒன் மந்த் நோட்டீஸ்’ என்றால் ஒரு மாதத்தில் வேலை போகிறது என்று பொருள். ‘ஷேர்’ என்றதும் ஆட்டோ நினைவுக்கு வருகிறது. செல்போனில் ‘டு நாட் ஷேர்’ என்று வந்தால், கூடவே வந்திருக்கும் ரகசிய எண்ணை எவரிடமும் சொல்லக் கூடாது என்று பொருள். வங்கியிலிருந்து வரும் செய்தியில் ‘கிரெடிட்டட்’ என்றால் பணம் வந்தது. ‘டெபிட்டட்’ என்றால் போனது. இந்த ஒரு வேறுபாடு தெரியாதவர், பணம் பறிபோன செய்தியையே பணம் வந்த செய்தியென்று எண்ணி மகிழக் கூடும்.

சுருக்கெழுத்துகளின் தொல்லை தனி. டாக்டர் மருந்துச் சீட்டில் ‘டி.டி.எஸ்.’ என்று எழுதினால் நாளைக்கு மூன்று வேளை, ‘பி.டி.’ என்றால் இரண்டு வேளை, ‘ஓ.டி.’ என்றால் ஒரே வேளை. அதே டி.டி.எஸ். சம்பளச் சீட்டில் இருந்தால் வருமான வரிப் பிடித்தம். ரயில் டிக்கெட்டில் ‘ஆர்.ஏ.சி.’ என்றிருந்தால் உட்கார்ந்து போக இடம் உண்டு, தைரியமாக ஏறலாம். ஆன்லைனில் எடுத்த டிக்கெட் கடைசி வரை ‘டபிள்யூ.எல்.’ என்றே நின்றுவிட்டால் அதை வைத்துக்கொண்டு ஏறக் கூடாது. பொங்கலுக்கு நாகர்கோவில் எக்ஸ்பிரசைப் பிடிக்க வருபவருக்கு இந்த இரண்டு சுருக்கங்களும் எத்தனை முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை.

சம்பளச் சீட்டில் ‘டிடக்‌ஷன்’ என்ற தலைப்பின் கீழ் பி.எஃப். என்றொரு தொகை இருக்கும். அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பொதுவாக 12 சதவீதம் இப்படிப் பிடிக்கப்படுகிறது. முதலாளியும் அதே அளவு செலுத்த வேண்டும். ‘யு.ஏ.என்.’ என்ற 12 இலக்க எண் அந்தப் பணத்துக்குச் சாவி. பிடித்தம் தெரிந்தவர்கள் பலர்; சாவியைக் கேட்டு வாங்கி வைத்திருப்பவர்கள் சிலர். எல்லாவற்றுக்கும் மேலாக, வேலையை விட்டு நிற்கும் நாளில் நீட்டப்படும் ‘ஃபுல் அண்டு ஃபைனல் செட்டில்மெண்ட்’ என்ற காகிதம். வர வேண்டியதெல்லாம் வந்துவிட்டது, இனிக் கேட்பதற்கு ஒன்றுமில்லை என்று அதில் இருக்கும். கையில் வந்த நாலு நோட்டுக்கு ரசீது என்று எண்ணிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு போனசையும் விடுப்புச் சம்பளத்தையும் கேட்டு அலைகிறவர், தம் கையெழுத்தாலேயே தம் வழியை அடைத்துக்கொள்கிறார்.

சொற்களைப் போலவே பேச்சு முறையிலும் கவனம் வேண்டும். தமிழில் மரியாதை வினைச்சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொண்டு வருகிறது. ‘கொடுங்கள்’ என்றால் போதும், பணிவு வந்துவிடும். ஆங்கில வினைக்கு அந்த விகுதி கிடையாது. ஆகவே ‘கிவ் ஃபார்ம்’ என்று தமிழர் பணிவாகச் சொல்வது, கேட்பவர் காதில் ‘ஃபாரத்தைக் கொடு’ என்று விழுகிறது. ‘ப்ளீஸ்’ என்றோ ‘குட் யூ’ என்றோ தனியாகச் சேர்த்தால்தான் மரியாதை வரும். அதே போல, ‘ரேஷன் கார்டு இல்லையா?’ என்று ஆங்கிலத்தில் கேட்டால், இல்லாதவர் தமிழ் வழக்கப்படி ‘ஆமாம்’ என்று நினைத்து ‘யெஸ்’ என்கிறார். ஆங்கிலத்தில் அதற்கு ‘இருக்கிறது’ என்று பொருள். அங்கே ‘நோ’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘போய் வருகிறேன்’ என்று விடைபெறுவது தமிழர் பண்பாடு. ‘ஐ வில் கோ அண்டு கம்’ என்று அதிகாரியிடம் சொன்னால், அவர் இவர் திரும்பி வருவாரென்று காத்திருப்பார்!

இவற்றைக் கற்றுக்கொடுக்க வேண்டியவர்கள் யார்? இங்கேயே இருக்கிறார்கள். டைப்ரைட்டிங் ஹையரும் ஷார்ட்ஹேண்டும் தேறி, அந்தச் சான்றிதழை நம்பியே ரயிலேறி வந்து மாதுங்காவில் குடியேறிய குமாஸ்தாக்களின் வழிவந்தவர்கள் இந்த நகரில் ஏராளம். அவர்களுக்குச் சோறு போட்டது ஆங்கிலம். ஆனால் தொழிலாளி தவறாக ஒரு வாக்கியம் பேசினால் முதலில் சிரிப்பவரும் பல நேரம் அதே தமிழ் குமாஸ்தாதான். அந்தச் சிரிப்புக்குப் பயந்தே பலர் வாய் திறப்பதில்லை. தெரியாததைக் கேட்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். படித்தவரின் ஆங்கிலம் மட்டும் பழுதற்றதா என்ன? பள்ளியில் மனப்பாடம் செய்த விடுப்பு விண்ணப்பம் காய்ச்சலில் தொடங்குவதால், தங்கை கல்யாணத்துக்கும் காய்ச்சலையே எழுதி அனுப்புகிறவர்கள் இன்றும் உண்டு.

செல்போனே மொழிபெயர்த்துவிடுகிறதே, கற்பானேன் என்று சிலர் கேட்கலாம். வீட்டில் உட்கார்ந்து படிக்கும் கடிதத்துக்கு அது சரி. பின்னால் வரிசை நெருக்க, கவுண்டரில் பேனாவை நீட்டி ‘இங்கே கையெழுத்துப் போடு’ என்று அவசரப்படுத்தும்போது போனை எடுக்கவும் துணிவு வேண்டும். இரண்டு சொல் தெரிந்தவருக்குத்தான் அந்தத் துணிவு வரும். ஆங்கிலம் கற்றால் தமிழ் தேய்ந்துவிடும் என்ற கவலையும் தேவையற்றது. சம்பளச் சீட்டைப் படிக்கத் தெரிந்ததால் எவரும் தாய்மொழியை மறந்ததில்லை.

தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்துவது நல்லதே. அதோடு ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கட்டும். இலக்கணப் புத்தகம் வேண்டாம். வருகிறவர் தம் சட்டைப் பையில் உள்ள காகிதத்தையே கொண்டு வரட்டும். அதைப் படித்துப் பொருள் சொல்ல ஒரு குமாஸ்தா போதும். வாரத்துக்குப் பத்துச் சொல் என்றால் ஆறு மாதத்தில் வேண்டிய அளவு சேர்ந்துவிடும். அதுவரையில் ஒரே ஒரு வாக்கியத்தையாவது ஒவ்வொரு தொழிலாளியும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும்: ‘ஐ வில் ரீட் அண்டு சைன்’. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன் என்று அதற்குப் பொருள்.