பக்கவாதத்துக்குப் பின் நாடியைப் பார்ப்போம்

பக்கவாதம் கண்ட ஒருவர் பிழைத்தெழுந்து வீடு திரும்பும் நாள் அக்குடும்பத்துக்குத் திருநாள் போன்றது. அண்டை வீட்டார் நலம் விசாரிக்க வருவர். ஊரிலிருந்து தொலைபேசி மணி ஒலித்தவண்ணம் இருக்கும். "கண்டம் கழிந்தது" என்று பெரியவர்கள் பெருமூச்சு விடுவர். இந்த மகிழ்ச்சிக்கு நடுவே பலரும் கேட்க மறந்துவிடும் கேள்வி ஒன்று உண்டு. இந்நோய் எதனால் வந்தது என்பதே அது. காரணம் அறியப்படாவிட்டால், வந்த நோய் மறுமுறையும் வரக்கூடும். அதனைப் பற்றியே இத்திங்கள் நேயர்களோடு உரையாட விரும்புகிறோம்.

நமக்கு நெடுநாள் பழக்கமான பெரியவர் ஒருவர், ஆண்டில் ஆறு மாதம் திருநெல்வேலிப் பக்கத்துச் சொந்த ஊரிலும், ஆறு மாதம் மும்பை செம்பூரில் மகன் வீட்டிலுமாக வாழ்கிறார். பக்கவாதம் வந்து இடக்கை சோர்ந்தது. மருத்துவமனையில் எடுத்த இ.சி.ஜி.யில் குறையொன்றும் இல்லை. ஆஸ்பிரின் முதலிய மாத்திரைகளோடு வீடு திரும்பினார். மூன்று மாதம் கழித்து, அவருடைய பேத்தி தாத்தாவின் நாடியைக் கைப்பேசியில் பார்க்கத் தொடங்கினாள். பத்தாம் நாள் மாலை, துடிப்பு ஒழுங்கில்லை என்று கைப்பேசி காட்டியது. "விளையாட்டுச் சாமான் சொல்வதைக் கேட்டு டாக்டரிடம் ஓடுவதா?" என்றார் பெரியவர். மகன் விடவில்லை. மறுநாள் எடுத்த இ.சி.ஜி.யில் நோய் புலப்பட்டது, மருந்தும் மாறியது. அவர் இன்று நலமாக இருக்கிறார்.

அந்த நோய் யாது? இருதயத்தின் மேலறை இரண்டும் சீராகச் சுருங்கி, இரத்தத்தைக் கீழறைகளுக்குத் தள்ள வேண்டும். சிலருக்கு அவை சுருங்காமல் வெறுமனே நடுங்கத் தொடங்குகின்றன. டாக்டர்கள் இதனை ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பர். நாம் மேலறை நடுக்கம் என்போம். இடது மேலறையின் ஓரத்தில் சிறு பை போன்ற இடம் ஒன்று உண்டு. நடுக்கத்தின்போது அங்கே இரத்தம் தேங்கிக் கட்டியாக உறையக்கூடும். அக்கட்டி பெயர்ந்து மூளைக்குச் செல்லும் குழாயை அடைத்தால் பக்கவாதம் வருகிறது. அமெரிக்காவில் ஃபிரேமிங்காம் என்னும் ஊரில் 1948-இல் தொடங்கிய நெடுங்கால ஆராய்ச்சியின் 1991-ஆம் ஆண்டு அறிக்கை, இந்நடுக்கம் உடையவர்களுக்குப் பக்கவாத அபாயம் ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று கூறியது.

இந்நோயின் வஞ்சகம் அது ஒளிந்து வருவதில் இருக்கிறது. பலருக்கு அது நிலையாக இராது. சில மணி நேரம் வந்து தானே அடங்கிவிடும். நெஞ்சு படபடப்பும் பலருக்குத் தோன்றுவதில்லை. இ.சி.ஜி. எடுக்கும் அந்தச் சில விநாடிகளில் இருதயம் ஒழுங்காக ஓடினால், தாளும் ஒழுங்கையே காட்டும். மருத்துவரைக் குறைகூற இதில் இடமில்லை. பகலில் தெருவைப் பார்த்துவிட்டு இரவில் திருடன் வரவில்லை என்று எவரால் உறுதி கூற முடியும்?

நெடுநாள் காவல் இருந்தால் என்ன கிடைக்கும் என்பதை 2014-இல் வெளிவந்த இரண்டு ஆராய்ச்சிகள் காட்டின. கனடாவில், காரணம் தெரியாத பக்கவாதமோ அதன் சிறு முன்னறிகுறியோ கண்ட 572 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு ஒரு நாள் மட்டும் துடிப்பைப் பதிவு செய்தனர். நடுக்கம் கண்டவர் 3.2 விழுக்காடு. மற்றப் பிரிவினர் 30 நாள் மார்பில் பட்டை அணிந்தனர், கண்டவர் 16.1 விழுக்காடு. மற்றோர் ஆராய்ச்சியில் 441 பேர் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்குத் தோலுக்கடியில் சிறு பதிவுக் கருவியை வைத்தனர். ஓர் ஆண்டில் அவர்களுள் 12.4 விழுக்காட்டினருக்கு நடுக்கம் வெளிப்பட்டது. வழக்கமான முறையில் பார்க்கப்பட்டவர்களில் 2 விழுக்காட்டினருக்கே வெளிப்பட்டது.

தோலுக்கடியில் வைக்கும் கருவி விலை மிகுந்தது. எல்லாக் குடும்பங்களுக்கும் இயலாது. இங்கேதான் நம் சட்டைப்பையில் கிடக்கும் ஸ்மார்ட்போன் உதவிக்கு வருகிறது. அது உதவும் வழிகள் இரண்டு. முதலாவது, விரல் நுனியைக் காமிராவின் மேல் வைப்பது. விளக்கின் ஒளி விரலுக்குள் புகும். ஒவ்வொரு துடிப்பிலும் விரலில் இரத்தம் கூடிக் குறையும்போது, திரும்பி வரும் ஒளியும் மாறும். அந்த ஏற்ற இறக்கத்தை வைத்துத் துடிப்புகளுக்கு இடையிலுள்ள காலத்தைக் கைப்பேசி கணக்கிடுகிறது. இரண்டாவது, கைப்பேசியோடு இணையும் சிறு தகடு. இரு கைவிரல்களையும் அதன்மேல் 30 விநாடி வைத்தால் எளிய இ.சி.ஜி. ஒன்று பதிவாகும். முதல்வழி நாடியை மட்டும் பார்க்கிறது. இரண்டாவது, இருதயத்தின் மின்னோட்டத்தையே பதிகிறது. ஆதலின் மருத்துவருக்கு இரண்டாவதே மிகுந்த பயன் தரும்.

இது செல்வர் வீட்டுக் கருவி மட்டுமே என்று எண்ண வேண்டா. குஜராத்தின் ஆனந்த் மாவட்டத்துச் சிற்றூர்களில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் ஸ்மார்ட்போனைக் கொண்டே மக்களின் துடிப்பைச் சோதித்தனர். அதுவரை அறியப்படாதிருந்த மேலறை நடுக்கம் பலரிடம் காணப்பட்டது. அதன் முடிவுகள் 2016-இல் வெளியாயின.

வீட்டில் பார்ப்போர் சிலவற்றை நினைவிற் கொள்ளுதல் நலம். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பின்பே பார்க்க வேண்டும், கையை மேசைமேல் ஊன்ற வேண்டும், பேசலாகாது. விரலை அழுத்தாமல் மெல்ல வைக்க வேண்டும். குளிர்ந்த கையாயின் முதலில் தேய்த்துச் சூடாக்குக. பக்கவாதத்தால் ஒரு கை சோர்ந்தவர்க்கு, காமிராவில் வைக்க நல்ல கை போதும். தகட்டுக்கு இரு கையும் வேண்டுமாதலால், சோர்ந்த கையை மற்றவர் தாங்கிப் பிடிப்பது அவசியம். கை ஆடினால் பதிவும் கெடும். காலை, மாலை இருவேளை பார்த்துத் தேதியோடு குறித்து வைப்பது நல்ல வழக்கம். கடையில் இலவசமாகக் கிடைக்கும் செயலிகள் எல்லாம் சோதிக்கப்பட்டவை அல்ல; எதனைப் பயன்படுத்தலாம் என்று மருத்துவரையே கேளுங்கள்.

கைப்பேசியின் எல்லையையும் அறிய வேண்டும். ஒழுங்கற்ற துடிப்பெல்லாம் மேலறை நடுக்கம் ஆகாது. இடையிடையே ஒரு துடிப்பு முந்தி விழுவது நல்ல உடம்பிலும் உண்டு. கைக்கடிகாரத்தைக் கொண்டு அமெரிக்காவில் 4,19,297 பேரிடம் நடந்த ஆராய்ச்சி 2019-இல் வெளியாயிற்று. எச்சரிக்கை பெற்று, பின்பு மார்பில் ஒட்டும் பதிவுக்கருவி அணிந்து திருப்பியனுப்பிய 450 பேரில், 34 விழுக்காட்டினருக்கே அந்நாட்களில் நடுக்கம் பதிவாயிற்று. எனவே எச்சரிக்கை வந்தால் அஞ்சி நடுங்கவும் வேண்டா, அலட்சியமும் வேண்டா. பதிவை மருத்துவரிடம் காட்டுக, இ.சி.ஜி.யால் உறுதி செய்வது அவர் கடமை. மற்றொன்று, எச்சரிக்கை வராமையால் நோயில்லை என்றும் முடிவு செய்யலாகாது.

ஏன் இத்தனை முயற்சி என்று கேட்கலாம். கண்டுபிடித்தால் மருந்தே மாறுகிறது. ஆஸ்பிரின், மேலறையில் உறையும் கட்டியைத் தடுக்கப் போதுமானதன்று. வார்ஃபரின் போன்ற உறைவுத் தடுப்பு மருந்து, மேலறை நடுக்கம் உடையவர்க்குப் பக்கவாதத்தை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைக்கிறது. அபிக்சபான் முதலிய புதிய மருந்துகளும் இன்று உள்ளன. ஆயினும் இவையெல்லாம் இரத்தப்போக்கு அபாயம் உடையவை. மூளையில் இரத்தம் கசிந்து பக்கவாதம் கண்டவர்க்கு நிலைமையே வேறு. சிறு நேரமே தோன்றி மறையும் நடுக்கத்துக்கு யாருக்கு மருந்து வேண்டும் என்பதில் ஆராய்ச்சி இன்னும் தொடர்கிறது. ஆகவே கைப்பேசியைப் பார்த்து மாத்திரை தொடங்குவதும் நிறுத்துவதும் பெருந்தவறு. பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையும் நமக்குப் பொருந்தாது. இளமையில் ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டவர் நம் நாட்டில் பலர். அத்தகையோர்க்கு, புதிய மருந்தாகிய ரிவரொக்சபானைவிட வார்ஃபரின் வகையே நன்மை செய்தது என்பதை 2022-இல் வெளிவந்த பன்னாட்டு ஆராய்ச்சி காட்டியது.

இனி, நம்மைப் போல் ஊர் விட்டு ஊர் வந்து வாழ்வோருக்கே உரிய ஒன்றைக் கூறுவோம். நம் பெற்றோர் இங்குச் சில மாதமும் ஊரில் சில மாதமும் இருப்பவர்கள். இங்குள்ள டாக்டர் ஒருவர், அங்குள்ளவர் வேறொருவர். ஒருவர் எழுதியது மற்றவர் கண்ணில் படுவதில்லை. இரயிலேறும் முன் இ.சி.ஜி. தாள்கள், மருந்துச் சீட்டு, நாடிக் குறிப்பு மூன்றையும் ஓர் உறையிலிட்டுப் பெட்டியில் வைப்போம். படமெடுத்துக் கைப்பேசியிலும் வைப்போம். வார்ஃபரின் உண்பவர் ஊருக்குப் போனாலும் இரத்தப் பரிசோதனையைத் தவறவிடலாகாது. ஊரில் முருங்கைக்கீரை தாராளமாகக் கிடைக்கும், இங்கே அரிது. கீரையின் அளவு திடீரென ஏறினாலும் இறங்கினாலும் அம்மருந்தின் வேலை மாறும். கீரையை விலக்க வேண்டியதில்லை. அளவு ஒரே சீராக இருந்தால் போதும்.

மருத்துவமனையிலிருந்து வெளிவரும் நாளில், மொழி தெரியாத கூச்சத்தால் வாய்மூடி நிற்க வேண்டா. அடைப்பா, கசிவா? காரணம் கண்டறியப்பட்டதா? துடிப்பை எத்தனை நாள் பதிவு செய்தீர்கள்? இன்னும் பார்க்க வேண்டுமா? இந்த நான்கு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் போதும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. முகம் கோணினால், ஒரு கை தளர்ந்தால், பேச்சுக் குழறினால், அப்பொழுது கைப்பேசியில் நாடி பார்த்துக்கொண்டிருக்கலாகாது. கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பெரும்பாலும் நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்த வேளையில் கைப்பேசியின் வேலை ஒன்றே: ஆம்புலன்சை அழைப்பது.

பேரன் பேத்திகளின் கையில் கைப்பேசி எந்நேரமும் இருப்பதாகக் குறைபட்டுக்கொள்ளாத வீடில்லை. நாளுக்கு இருமுறை, இரண்டு நிமிடம், அது தாத்தா பாட்டியின் விரலடியில் இருக்கட்டும்.