கஷ்டம் வேற, அநியாயம் வேற

பழைய கணினி விளையாட்டுகளைப் பற்றிக் கதைக்கும்போது அடிக்கடி காதில் விழும் வசனம் ஒன்று உண்டு: "அந்தக் காலத்து கேம் எல்லாம் சரியான கஷ்டம், இப்பத்தப் பெடியளுக்கு ஏலாது." இதில் பாதிதான் உண்மை என்று நாங்கள் நினைக்கிறோம். கஷ்டமான ஆட்டம் வேற, பிழையாக வடிவமைத்த ஆட்டம் வேற. இரண்டையும் ஒன்றாக்கினால், பழி எப்பவும் விளையாடுகிறவர் தலையில்தான் விழும்.

அமெரிக்காவின் சர்-டெக் நிறுவனம் 1987இல் வெளியிட்ட 'விசார்ட்ரி 4: தி ரிட்டர்ன் ஆஃப் வெர்ட்னா' என்ற ரோல் பிளேயிங் கேமை எடுத்துக்கொள்வோம். கதை என்னவோ அருமை. 1981இல் வந்த முதல் விசார்ட்ரியில் பத்தாம் தளத்தில் நாம் கொல்லும் மந்திரவாதிதான் வெர்ட்னா. நாலாவதில் நாமே வெர்ட்னா. சக்தியெல்லாம் இழந்து அடித்தளத்தில் கண்விழித்து, அரக்கர்களை அழைத்துப் படை சேர்த்து மேலே ஏற வேண்டும். வழிமறிக்கிறவர்கள் 'நல்லவர்கள்'. இந்த யோசனைக்கு இப்பவும் கைதட்டலாம்.

ஆனால் ஆட்டம் தொடங்குவது கதவே தெரியாத ஒரு அறையில். குருமார் கூட்டம் ஒன்றை அழைத்து, அவர்கள் 'மில்வா' என்ற வெளிச்ச மந்திரத்தைப் போட்டால்தான் மறைந்திருக்கும் கதவு கண்ணுக்குப் படும். இதை ஆட்டத்துக்குள் யாரும் சொல்லித்தர மாட்டார்கள்.

வெளியே வந்தாலும் நிம்மதியில்லை. சேவ் பண்ணினால், அந்தத் தளத்தில் நாம் வென்ற எதிரிகள் எல்லாரும் திரும்ப உயிர்த்து வருவார்கள். 2022இல் ஒரு நாளில் 13 மணிநேரம் வரை கரண்ட் வெட்டைப் பார்த்த நாட்டுக்காரர் நாங்கள். சேவ் பண்ணுவதற்கே தண்டனை என்றால் எங்கே போய் முட்டுவது? சண்டை பிடித்தாலும் அனுபவப் புள்ளி இல்லை. அழைத்த படையும் சண்டையில் நம் சொல் கேளாது. போதாக்குறைக்கு ட்ரெபோரின் ஆவி வேறு அலையும். அகப்பட்டால் கதை முடிந்தது.

முந்தைய பாகங்களில் கரைகண்டவர்களுக்காகச் செய்த ஆட்டம் இது என்று வாதாடலாம். சரி, அறைப் புதிருக்கு அது பதிலாக இருக்கட்டும். ஒருக்கா வென்ற எதிரிகளோடு திரும்பத் திரும்ப மோதுவதில் எந்தத் திறமை சோதிக்கப்படுகிறது?

இதற்கு ஒரு வருசம் முந்தி, 1986இல், ஜப்பானில் 'டிராகன் குவெஸ்ட்' வந்தது. அதை வடிவமைத்த யூஜி ஹோரி விசார்ட்ரியை விரும்பி விளையாடியவர். அந்த ஆட்டமும் பூட்டிய அறையில்தான் தொடங்கும், அரசனின் அறையில். ஆனால் திறப்பு அங்கேயே பெட்டிக்குள் இருக்கும். ஆக்களோடு கதைத்து, பெட்டியைத் திறந்து, திறப்பை எடுத்து, கதவைத் திறந்து, படி இறங்குவதற்குள் முக்கியமான கட்டளைகள் கைக்கு வந்துவிடும். அங்கேயும் பூட்டுத்தான், ஆனால் அந்தப் பூட்டு சொல்லிக்கொடுக்குது.

மட்டக்களப்பில் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் புதிதில்லை. வடமோடி ஆட்டம் லேசானதா? விடிய விடிய ஆட வேண்டும். ஆனால் அண்ணாவியார் சட்டம் கொடுத்து, மாதக்கணக்கில் பழக்கி, கிழமைக் கூத்தும் பார்த்த மறுகாதான் அரங்கேற்றுவார். ஆட்டத்தின் கடுமை குறையாது, ஆடுகிறவர்தான் தயாராகிறார். தாளம் காட்டாமல் முதல் நாளே களரியில் ஏற்றி "ஆடு பாப்பம்" என்று எந்த அண்ணாவியாரும் சொல்ல மாட்டார்.

ஒரு பழைய ஆட்டத்தில் மாட்டி, "எனக்கு மூளை காணாது" என்று நிப்பாட்டினவர்கள் இதை யோசிக்க வேண்டும். சொந்தமாக கேம் செய்ய ஆசைப்படுகிறவர்கள் இன்னும் கூடுதலாக யோசிக்க வேண்டும். விளையாடுகிறவர் தோற்கட்டும், ஆனால் ஏன் தோற்றோம் என்று அவருக்கு விளங்க வேண்டும். செய்த ஆட்டத்தை, இப்படியான கேமே தொடாத ஒருவரிடம் கொடுங்கள். பக்கத்தில் வாய் திறக்காமல் பத்து நிமிசம் இருங்கள். அவர் முதல் அறையை விட்டு வெளியே வாறாரா என்று மட்டும் பாருங்கள்.