சொல்லாமல் விட்ட விதி

முனைவர் பட்டத்துக்கு எழுதும் தம்பி ஒருவன் கேட்டான்: 'அண்ணே, ஒரு புத்தகம் வாங்கத்தான் காசிருக்கு. எதை வாங்க?' வழிகாட்டி அவனது இயலைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். 'ஆவேசம் இருக்கிறது, ஆய்வு இல்லை.'

அவன் முன் இருந்தவை இரண்டு. கிராஃபும் பிர்கன்ஸ்டைனும் 2006இல் கொண்டுவந்த 'தே சே / ஐ சே'. பூத், கொலம், வில்லியம்ஸ் மூவரும் 1995இல் எழுதிய 'தி கிராஃப்ட் ஆஃப் ரிசர்ச்'.

நம் தோழர்கள் சிலர் உடனே சொல்வார்கள்: இரண்டுமே ஆதிக்கத்தின் இலக்கணம், தூக்கிப் போடு. நான் மறுக்கிறேன். அந்த இலக்கணம் தெரியாதவன் கோபத்தை 'உணர்ச்சி' என்று பெயர் வைத்து மூலையில் கட்டிப்போடுவது அவர்களுக்குச் சுலபம்.

முதல் புத்தகம் வாக்கியச் சட்டங்கள் தருகிறது. பிறர் இப்படிச் சொல்கிறார்கள், நான் இப்படிச் சொல்கிறேன். கோடிட்ட இடத்தை நிரப்பு. வீட்டின் முதல் பட்டதாரிக்கு இது உதவும், இல்லையென்று சொல்லவில்லை. மேல்சாதிப் பிள்ளைக்கு வீட்டுத் திண்ணையிலேயே கிடைத்துவிடுகிற ரகசியம் இது. ஆனால் அம்பேத்கர் 1916லேயே இதைச் செய்து காட்டிவிட்டார். கொலம்பியாவில் வாசித்த கட்டுரையில் செனார்ட், நெஸ்ஃபீல்ட், ரிஸ்லி, கேத்கர் நால்வரின் சாதி வரையறைகளையும் எடுத்துவைத்து, அவற்றின் குறைகளைக் காட்டிவிட்டுத்தான் தன்னுடையதைச் சொன்னார். அப்போது வயது 25. அதைப் படி, சட்டம் தானாக வரும், காசும் மிச்சம்.

இரண்டாவது புத்தகம் ஐந்து கேள்வி கேட்கிறது. உன் முடிவு என்ன? காரணம் என்ன? சான்று எங்கே? மறுப்பவனுக்கு என்ன பதில்? ஐந்தாவதுதான் கத்தி: அந்தக் காரணம் இந்த முடிவோடு எந்தப் பொதுவிதியால் ஒட்டுகிறது? டூல்மின் 1958இல் வகுத்துச் சொன்ன கருத்து இது.

நான் வங்கிக் குமாஸ்தா. கடன் விண்ணப்பத்தில் காலனி முகவரியைப் பார்த்ததும் 'இது வராக்கடன்ப்பா' என்று ஒருத்தர் முணுமுணுப்பார். முடிவு: பணம் வராது. காரணம்: முகவரி. இரண்டையும் ஒட்டவைக்கிற விதியை மட்டும் வாய்விட்டுச் சொல்லமாட்டார். சொன்னால் சாதி அம்மணமாகிவிடும்.

வழிகாட்டியின் வாக்கியமும் அதே சரக்குதான். ஆவேசம் இருக்கிறது, ஆகவே ஆய்வில்லை. எந்த விதிப்படி? அடிபட்டவன் சாட்சி மட்டும் சொல்லலாம், ஆராயக்கூடாது என்கிற விதிப்படி. காகிதத்தில் ஏறாத மனுநீதி.

ஆகவே தம்பி, இரண்டாவதை வாங்கு. ஐந்தாவது கேள்வியை முதலில் உன் இயலிடமே கேள். 'நான் பட்டேன், ஆகவே உண்மை' என்பதிலும் ஒரு விதி ஒளிந்திருக்கிறது. அதையும் எழுதிக் காட்டு, சான்று வை. நமக்கு மட்டும் சலுகை கிடையாது. பிறகு அதே கேள்வியோடு அவர் அறைக்குப் போ. நின்றுகொண்டு கேட்காதே. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேள்.